யானைக்கும் பானைக்கும் ஒரே சட்டமா?

நமது நாட்டின் சாலைகளுக்கு ஒரு புதிய விதி எழுதப்படும் காலம் இது. சட்டசபைகளில் நடக்கும் வாதப் பிரதிவாதங்களைப்போல் இவ்விஷயம் பொதுஜனங்களின் கவனத்தைக் கவரவில்லை. ஆனால் காலையில் சாப்பாட்டுத் தூக்குடன் மில்லுக்குப் போகும் தொழிலாளியையும், பால் கேன்களைக் கட்டிக்கொண்டு வரும் பால்காரரையும், பள்ளிக்கூடத்துக்குச் செல்லும் சிறுமியையும் இவ்விதி தொடுவதுபோல் வேறு எந்தச் சட்டமும் அவ்வளவு நெருங்கித் தொடப்போவதில்லை. ஆகவே, இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நமது கடமை என்று கருதுகிறோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 2019-ம் வருஷத்தில் திருத்தப்பட்டபோது, அதன் 138-வது பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. யந்திர சக்தியில்லாத வண்டிகளும் பாதசாரிகளும் பொதுச் சாலைகளில் நடந்துகொள்ளும் முறையையும், அச்சாலைகளில் அவர்கள் பிரவேசிப்பதையும் ஒழுங்குபடுத்த ராஜ்ய சர்க்கார்கள் விதிகள் இயற்றலாம் என்பது அதன் சாரம். கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் சாலை விபத்துக்களைக் குறித்து 2012-ம் வருஷத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் சுப்ரீம் கோர்ட்டார் ஓர் உத்தரவு பிறப்பித்தனர். மேற்கண்ட உட்பிரிவின்படி எல்லா ராஜ்யங்களும் ஆறு மாதங்களுக்குள் விதிகள் இயற்றவேண்டும் என்பது அவ்வுத்தரவு. கோர்ட்டாரின் நோக்கம் உயிர்களைக் காப்பது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கமுடியாது. ஆனால் கோர்ட்டார் இடுவது உத்தரவு. விதிகளை எழுதுவது காரியாலயம். அந்தப் பேனா எந்தப் பக்கம் சாயும் என்பதே நமது கவலை.

சைக்கிள்காரர்களுக்கு மோட்டார் ஓட்டிகளுக்குள்ள விதிகளையே விதித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் பலர் இருக்கின்றனர். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் அல்லவா? சிவப்பு விளக்கு காருக்கு மட்டுந்தானா சிவப்பு? ஒரே சாலையில் போகும் இருவருக்கு இரண்டு நீதி எப்படி இருக்கமுடியும்? இக்கேள்விகளை நாம் ஏளனம் செய்யமாட்டோம். சமத்துவம் என்ற வார்த்தையைக் கேட்டால் தலைவணங்குவது நமது மரபு. எனினும், அந்த வார்த்தையைச் சொல்லுகிறவர் எந்த இடத்திலிருந்து சொல்லுகிறார் என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது. யானைக்கும் பானைக்கும் சரி என்பது நமது கிராமத்துக் கதையில் ஒரு சாமர்த்தியமான தீர்ப்பு. சாலையில் அது தீர்ப்பாகாது. அங்கே யானையும் பானையும் மோதினால் உடைவது எப்போதும் பானைதான்.

உரிமையாகப் பிறந்த சமத்துவம்

சரித்திரத்தைச் சிறிது திருப்பிப் பார்ப்போம். சைக்கிள்காரரும் ஏனைய வண்டியோட்டிகளும் சட்டத்தில் ஒன்று என்ற கொள்கையை முதலில் கேட்டுப் பெற்றவர்கள் சைக்கிள்காரர்களே! இங்கிலாந்தில் 1879-ம் வருஷத்தில் ஒரு வழக்கு நடந்தது. சைக்கிளை மூர்க்க வேகத்தில் ஓட்டியதாக ஒருவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. வண்டிகளைப்பற்றிய சட்டம் 1835-ம் வருஷத்தியது. அப்போது சைக்கிளே கிடையாது. ஆயினும், சைக்கிளும் ஒரு வண்டியே என்று நியாயாதிபதிகள் தீர்ப்பளித்தனர். 1888-ம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டம் இதை உறுதிப்படுத்தியது. இரவில் விளக்கு வேண்டும், பிறரைக் கடக்கும்போது மணியடிக்க வேண்டும் என்ற இரண்டு கடமைகளுடன், நாட்டின் சாலைகளெல்லாம் சைக்கிளுக்குத் திறந்துவிடப்பட்டன. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யம் 1887-ம் வருஷத்தில் இதேபோன்ற ஒரு சட்டத்தை இயற்றி, குதிரை வண்டிக்குள்ள உரிமைகளெல்லாம் சைக்கிளுக்கும் உண்டென்று ஒப்புக்கொண்டது.

ஆகவே, சமத்துவம் என்பது ஆதியில் சைக்கிள்காரரின் கழுத்தில் மாட்டிய நுகத்தடியன்று. சாலையில் எனக்கும் இடம் உண்டு என்று அவர் பெற்ற சாஸனம். 1968-ம் வருஷத்து வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் இதே அடிப்படையில்தான் வரையப்பட்டது. ஓட்டுபவர் என்ற சொல்லுக்கு அது கொடுக்கும் வியாக்கியானத்தில் சைக்கிள் ஓட்டுகிறவரும் அடங்குவார். நமது நாடு 1980-ம் வருஷத்தில் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. சாலையின் மீதுள்ள இவ்வுரிமையை எக்காரணத்தை முன்னிட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பதே நமது முதல் வார்த்தை.

ஆனால் 1888-க்கும் இன்றைக்கும் இடையே ஒரு பெரிய மாறுதல் ஏற்பட்டுவிட்டது. அன்று சைக்கிளுக்குச் சமமாக வைக்கப்பட்டது குதிரை வண்டி; இன்று வைக்கப்படுவது லாரி. கிளீவ்லண்ட் நகரத்தில் 1914-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மின்சார சிக்னல் நிறுவப்பட்டது. மோட்டார்களின் வேகமும் எண்ணிக்கையும் பெருகியதனால் பிறந்த சாதனம் அது. வண்டியின் தராதரம் மாறியபின், அதே சமத்துவம் அதே பலனை எப்படித் தரும்?

கணக்கு என்ன சொல்லுகிறது?

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். சைக்கிளும் அதன்மேல் இருப்பவரும் சேர்ந்து சுமார் 85 கிலோ; வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். ஒரு கார் 1,200 கிலோ. வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். வேகம் இரட்டித்தால் மோதும் சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அப்பாடத்தின்படி கணக்கிட்டால் காரின் மோதும் சக்தி சைக்கிளின் சக்தியைப்போல் 150 மடங்குக்கு மேலாகிறது. 12 டன் எடையுள்ள பஸ் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அது 1,000 மடங்காகிறது. ஆயிரத்துக்கும் ஒன்றுக்கும் ஒரே எச்சரிக்கை, ஒரே தண்டனை, ஒரே பொறுப்பு என்று சொல்வது எந்தத் தராசின் நீதி?

மற்றொரு கணக்கும் உண்டு. 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள்காரர் நின்று, மீண்டும் அந்த வேகத்தை அடைவதற்குச் செலவிடும் சக்தி, தம்மையும் வண்டியையும் சுமையையும் சேர்த்துச் சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்குச் சமம். ஏறக்குறைய ஐந்து மாடிப்படிகள்! காரில் இருப்பவருக்கு இது பாதத்தின் ஓர் அழுத்தம். விலை கொடுப்பது பெட்ரோல். சைக்கிள்காரருக்கு விலை கொடுப்பது அவருடைய சரீரம். நின்று புறப்படுவதில் அவருக்குள்ள சலிப்பைச் சட்டத்தை மதிக்காத மனப்பான்மை என்று உடனே பெயரிட்டுவிடுவது சுலபம்; அது முழு உண்மையாகாது.

சாவின் கணக்கையும் பார்க்கவேண்டும். மத்திய சர்க்காரின் அறிக்கைப்படி 2022-ம் வருஷத்தில் நமது நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் பாதசாரிகள் 32,000-க்கு மேல். சைக்கிள்காரர்கள் 4,000-க்கு மேல். காலால் நடந்தவர்களும் காலால் மிதித்தவர்களும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேலாகின்றனர். சாலையில் எவருக்கும் ஆபத்து விளைவிக்கக்கூடிய சக்தி மிகக் குறைவாக உள்ளவர்கள் இவர்களே. ஒழுங்குபடுத்த வேண்டியது யாரை என்ற கேள்விக்கு இந்த எண்களே ஒருவாறு பதில் சொல்லிவிடுகின்றன.

ஐடஹோ ராஜ்யத்தின் பரீட்சை

இனி, அயல் நாடுகளின் அனுபவத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் மலைப் பிரதேசத்தில் ஐடஹோ என்றொரு ராஜ்யம் உண்டு. அங்கே 1982-ம் வருஷத்தில் ஒரு விசித்திரமான சட்டம் இயற்றப்பட்டது. நில் என்ற பலகையைக் கண்டால் மோட்டார் ஓட்டி முற்றிலும் நின்றே ஆகவேண்டும். சைக்கிள்காரரோ வேகத்தைக் குறைத்து, வழிவிட வேண்டியவர்களுக்கு வழிவிட்டு, எவரும் இல்லையானால் நில்லாமலே போகலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் அவரும் நிற்கவேண்டும். ஆனால் நின்று பார்த்தபின், சந்தி காலியாக இருந்தால், பச்சை விளக்குக்குக் காத்திராமல் கடக்கலாம்.

இதைச் சைக்கிள் சங்கத்தார் கேட்டுப் பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ராஜ்யத்தின் நியாயஸ்தலங்களுக்கு நிர்வாக அதிகாரியாக இருந்த கார்ல் பியாங்கி என்பவரே யோசனையைக் கூறியவர். போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி எழுதும்போது, ஒருவருக்கும் தீங்கு செய்யாத சைக்கிள்காரர்களின் சில்லறைக் குற்றங்கள் மாஜிஸ்டிரேட்டுகளின் நேரத்தை விழுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டனர். எல்லோரும் மீறும் ஒரு விதியை வைத்துக்கொண்டு சிலரை மட்டும் தண்டிப்பதைவிட, நியாயமான நடத்தை எதுவோ அதையே விதியாக எழுதிவிடுவது மேல் என்று தீர்மானித்தனர். சட்டம் அமுலான அடுத்த வருஷத்தில் சைக்கிள்காரர்கள் அடைந்த காயங்கள் 14.5 சதவீதம் குறைந்தன என்று ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. ஒரு வருஷத்துக் கணக்கைக் கொண்டு வெற்றி முரசு கொட்டுவது சரியல்ல. ஆனால், சட்டத்தைத் தளர்த்தினால் பிணங்கள் குவியும் என்று பயமுறுத்தியவர்களின் வாக்கு பலிக்கவில்லை என்றாவது சொல்லலாம்.

முப்பத்தைந்து வருஷங்கள் வரையில் வேறெந்த ராஜ்யமும் இவ்வழியில் முழு மனத்துடன் செல்லவில்லை. 2017-ம் வருஷத்தில் டெலவேர் ராஜ்யம் நில் பலகையைப் பொறுத்தமட்டில் இதை ஏற்றது. பின்னர் ஆர்க்கன்ஸா, ஆரிகன், வாஷிங்டன், கொலராடோ, மின்னஸோட்டா முதலியவை ஏதேனும் ஓர் உருவத்தில் ஏற்றன. கலிபோர்னியாவில் 2021-ம் வருஷத்தில் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் நிராகரித்துவிட்டார். பிரான்ஸ் தேசத்துப் பாரிஸ் நகரத்தார் வேறொரு முறையைக் கையாண்டனர். எல்லாச் சந்திகளுக்கும் பொதுவாக அனுமதி கொடாமல், 2015-ம் வருஷம் முதல் நூற்றுக்கணக்கான சந்திகளில் ஒரு சிறு முக்கோணப் பலகையை மாட்டினர். அப்பலகை இருக்கும் இடத்தில் மட்டும், பாதசாரிகளுக்கு வழிவிட்டு, சைக்கிள்காரர் சிவப்பு விளக்கிலும் அது காட்டும் திசையில் போகலாம்.

ஹாலந்து தேசத்தின் படிப்பினை இன்னும் ஆழமானது. 1971-ம் வருஷத்தில் அச்சிறிய நாட்டின் சாலைகளில் 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்து என்ற கோஷத்துடன் தாய் தந்தையர் வீதிக்கு வந்தனர். சர்க்கார் அசைந்து கொடுத்தது. சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் பெருகின. மோட்டாரும் சைக்கிளும் மோதினால், நஷ்டஈட்டின் பொறுப்பைச் சட்டம் பெரும்பாலும் மோட்டாரின் தலையிலேயே வைக்கிறது. அடிபட்டவர் 14 வயதுக்குட்பட்டவரானால் அநேகமாக முழுப் பொறுப்பும் மோட்டாருடையதே. ஆனால் அந்நாட்டிலும் இரவில் விளக்கில்லாமல் போகும் சைக்கிள்காரரையும், சிவப்பு விளக்கை மீறுகிறவரையும் போலீஸார் நிறுத்தி அபராதம் விதிக்கத் தவறுவதில்லை. கடமை இருவருக்கும் உண்டு. பாரம் மட்டும் பலத்துக்கு ஏற்றபடி பங்கிடப்பட்டிருக்கிறது. பிரிட்டனும் 2022-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் தனது சாலை விதிப் புத்தகத்தைத் திருத்தி, அதிகத் தீங்கு செய்யக்கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்ற கொள்கையை முதல் பக்கத்தில் வைத்தது. அதே கொள்கைப்படி பாதசாரிக்குச் சைக்கிள்காரர் பொறுப்பாளி ஆகிறார்.

நமது நாட்டில் நடந்தது என்ன?

இவற்றுடன் நமது நாட்டு அனுபவத்தை ஒப்பிட்டால் மனம் வருந்துகிறது. சைக்கிளைச் சட்டத்தின் கண் எந்த விதமாகப் பார்த்தது என்பதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நகரசபைகளும் பஞ்சாயத்துக்களும் சைக்கிளுக்கு வரி விதித்து வில்லை கொடுத்தன. வில்லை இல்லாவிட்டால் வண்டி பறிபோகும். விளக்கு இல்லாமல் போனாலும், ஒருவர் பின்னால் ஒருவர் ஏறி இருவராகப் போனாலும் வழக்கு. சில சமயம் வழக்கும் இல்லாமல், இரண்டு சக்கரங்களின் காற்றையும் பிடுங்கி விட்டு, தள்ளிக்கொண்டு போகச் சொல்லுவது போலீஸ்காரரின் உடனடி நியாயம். காற்றில் எண்ணெய் விளக்கு அணைந்துவிட்டால், தூரத்தில் காக்கி உடுப்பைக் கண்டதும் கீழே குதித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர்கள் எத்தனை பேர்! இறங்கிய கணமே அவர் பாதசாரியாகிவிடுவார். சட்டம் அவரை விட்டுவிடும். சட்டம் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது விளக்கின் அவசியத்தையன்று, குதிக்கும் வித்தையைத்தான்.

அது பழைய கதை என்று ஒதுக்கலாம். கொல்கத்தாவில் நடந்தது பழைய கதையல்ல. அந்நகரத்தில் 2008-ம் வருஷத்தில் 38 சாலைகளில் சைக்கிள் தடை செய்யப்பட்டது. 2013-ம் வருஷத்தில் போலீஸார் அந்தத் தடையை 174 சாலைகளுக்கு விரித்தனர். போக்குவரத்து நெரிசலுக்குச் சைக்கிளே காரணம் என்பது அதிகாரிகள் கூறிய சமாதானம். பால்காரரும், பத்திரிகை போடுகிறவரும், கடைச் சிப்பந்தியும் நகரத்தின் பிரதான வீதிகளில் ஒரே நாளில் குற்றவாளிகளாயினர். பலமான கண்டனங்கள் எழுந்தபின் தடை 62 சாலைகளாகச் சுருங்கியது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஒரே சாலை ஒரே சட்டம் என்று பேசியவர்களின் வாதம் கடைசியில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதே. சமமான விதியை அனுசரிக்கச் சொல்லித் தொடங்கினர். சாலையையே எடுத்துக்கொண்டு முடித்தனர்.

இப்போது இயற்றப்படும் விதிகளுக்கு ஆதாரமான உட்பிரிவில், நடந்துகொள்ளும் முறை என்பதோடு பிரவேசம் என்ற சொல்லும் இருக்கிறது என்று ஆரம்பத்தில் குறிப்பிட்டோம். அச்சொல்லை மறுபடியும் படித்துப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நல்ல எண்ணமுள்ள அதிகாரியின் கையில் அது பாதசாரிக்கு நடைபாதையையும் சைக்கிளுக்குத் தனி வழியையும் கொடுக்கும் கருவி. வேறு எண்ணமுள்ளவரின் கையில் அதுவே 174 சாலைகளை அடைக்கும் தாழ்ப்பாள்.

யாருடைய வண்டி இது?

இந்தத் தாழ்ப்பாள் யார் முகத்தில் விழும்? 2011-ம் வருஷத்து ஜனக் கணிதப்படி நாட்டில் சைக்கிள் உள்ள குடும்பங்கள் நூற்றுக்குச் சுமார் 45. கார், ஜீப், வேன் உள்ள குடும்பங்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்தே. அதன் பின்னர் மோட்டார் சைக்கிள்கள் வெகுவாகப் பெருகிவிட்டன என்பது வாஸ்தவமே. ஆனால் இன்று சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் வேறு வழியில்லாதவர் என்பதையல்லவா அது காட்டுகிறது?

புதுக்கோட்டை ஜில்லாவில் 1990-ம் வருஷங்களின் தொடக்கத்தில் நடந்ததை நாம் நினைவுகூர்கிறோம். அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்கள் சைக்கிள் கற்பதையும் அவ்வியக்கத்தின் ஓர் அங்கமாக்கினார். கல் குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினர். பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆண்பிள்ளைக்காகவும் காத்திருந்த நிலை மாறிற்று. தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் அளிக்கும் திட்டத்தை 2001-ம் வருஷத்தில் தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவிகளுக்கும் அதை விரித்தது. ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, மறு கையால் அதற்கு லைசென்ஸையும் அபராதத்தையும் தடையையும் கொடுப்பது சர்க்காருக்கு அழகாகுமா?

நமது பக்கத்துக் குற்றம்

சைக்கிள்காரர்கள் குற்றமற்றவர்கள் என்று நாம் வாதிக்க வரவில்லை. உண்மையைச் சொல்லவேண்டுமானால், நாம் கண்ணால் காணும் நடத்தைகளில் சில மன்னிக்கத்தக்கவை அல்ல. சாலையின் எதிர்ப்பக்கத்தில் வருவது இவற்றில் தலையானது. இடது பக்கம் ஒழுங்காகப் போகும் சைக்கிளைப் பின்னாலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும் வண்டி, உண்மையில் 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் அதை நெருங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் வரும் சைக்கிளை நெருங்கும் வேகமோ 55. மேலும், பக்கத்துத் தெருவிலிருந்து இடது புறம் திரும்புகிறவர் வலது புறத்தையே பார்த்துத் திரும்புவார். இடது புறத்திலிருந்து தவறாக வருகிற சைக்கிள் அவர் கண்ணில் படாது. இது சட்ட நுணுக்கமன்று, உயிரின் கணக்கு.

விளக்கும் அப்படியே. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 14 மீட்டர் ஓடிவிடுகிறது. இருட்டில் கறுப்புச் சட்டையுடன் விளக்கின்றிப் போகிறவரைக் கண்டுபிடிக்க அந்த ஓட்டிக்கு எத்தனை விநாடி கிடைக்கும்? பிரிட்டனில் 1930-ம் வருஷங்களில் சைக்கிள் சங்கத்தார் பின் விளக்குக் கட்டாயத்தை எதிர்த்தனர். முன்னால் இருப்பவரைப் பார்த்து ஓட்டவேண்டிய பொறுப்பு மோட்டாருடையது, அதை எங்கள் தலையில் மாற்றாதீர்கள் என்பது அவர்கள் வாதம். 1934-ம் வருஷத்தில் லண்டனுக்கு மேற்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை திறந்தபோதும், பெருஞ்சாலையிலிருந்து தங்களை வெளியேற்ற இது முதற்படி என்று அஞ்சி எதிர்த்தனர். பொறுப்பைப்பற்றிய அவர்கள் கொள்கை நியாயமானது. வெளியேற்றத்தைப்பற்றிய அச்சமும் காரணமற்றதல்ல என்பதற்குக் கொல்கத்தா சாட்சி. ஆனால் விளக்கு விஷயத்தில் அவர்கள் செய்தது தவறு என்றே நாம் கருதுகிறோம். கொள்கையில் வெற்றி பெற்றுப் பிணமாவதில் லாபம் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் பாதசாரியை மதியாமை. தெருவைக் கடக்கும் முதியவரையும் கைக்குழந்தைக்காரியையும் மணியடித்து விரட்டும் சைக்கிள்காரர், லாரிக்காரர் தமக்குச் செய்வதையே தம்மைவிட எளியவருக்குச் செய்கிறார். மேலே உள்ளவரிடம் நியாயம் கேட்கிறவர் கீழே உள்ளவருக்கு அதை மறுக்கலாமா?

நாம் சொல்லும் வழி

அப்படியானால் விதிகள் எப்படி இருக்கவேண்டும்? ஐடஹோவின் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டுவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. சந்தியில் வேகத்தைக் குறைத்து முன்னுரிமை உள்ளவருக்கு வழிவிடும் பழக்கம் வேரூன்றிய இடத்தில் வளர்ந்த செடி அது. பச்சை விளக்கிலேயே நாற்புறமும் வண்டிகள் பாயும் நமது பெருஞ்சந்திகளில், சிவப்பு விளக்கில் தனியாகப் புறப்படும் சைக்கிள்காரரின் கதி என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது. அதனால் நாம் வேண்டுவது இதுதான்:

இடது பக்கம் செல்லுதல், இரவில் விளக்கும் பின்புறப் பிரதிபலிப்பானும் வைத்தல், பாதசாரிக்கு வழிவிடுதல், சிக்னலுக்கு நிற்றல் ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொதுவான விதிகளாக இருக்கட்டும். இடது புறம் திரும்புவதற்கு மட்டும், பாரிஸில் செய்ததுபோல், ஆராய்ந்து தேர்ந்தெடுத்த சந்திகளில் பலகை வைத்துச் சைக்கிளுக்கு அனுமதி கொடுக்கட்டும். சிக்னல் கோட்டுக்கு முன்னால் சைக்கிள்களுக்கென ஓர் இடத்தை வரைந்து, மோட்டார்களுக்குச் சில விநாடிகள் முன்னதாக அவை புறப்படச் செய்யட்டும். லாரி ஓட்டியின் ஆசனத்திலிருந்து பார்த்தால் வண்டியின் முன் இடது மூலை தெரியாது. அம்மூலையில் நின்ற சைக்கிள், லாரி இடது புறம் திரும்பும்போது நசுங்குகிறது. முன்னால் புறப்பட்டுவிட்டவர் கண்ணில் படுவார், பிழைப்பார்.

சைக்கிளுக்கு லைசென்ஸும் வரியும் எக்காலத்திலும் திரும்பிவரக்கூடாது. மோட்டார் ஓட்டிக்கு லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் விதித்திருப்பது, அவர் பிறர் உயிருக்கு ஆபத்தான ஒரு யந்திரத்தைக் கையாளுகிறார் என்பதற்காக. சாலையில் போவதற்குக் கட்டணமாக அல்ல. 2019-ம் வருஷத்துத் திருத்தம் லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் ஓட்டுவதற்கு அபராதத்தை 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்த்தியது. அத்தகைய தொகைகளைச் சைக்கிள் விதிகளில் நுழைத்தால் பல இடங்களில் அபராதம் வண்டியின் விலையை நெருங்கிவிடும். முதல் குற்றத்துக்கு எச்சரிக்கை. பிறகு சிறு தொகை. எக்காரணத்தாலும் கூலிக்காரரின் வண்டியைப் பறிமுதல் செய்யலாகாது. விளக்கில்லாதவருக்கு அபராதச் சீட்டைக் கொடுப்பதைவிட ஒரு விளக்கைக் கொடுப்பது சர்க்காருக்கு மலிவு. மாணவர்களுக்கு வழங்கும் சைக்கிளில் அதைப் பொருத்தியே வழங்கலாம். தனிப் பாதையோ அருகில் தகுந்த மாற்றுச் சாலையோ அமைக்காமல் எந்தச் சாலையிலும் சைக்கிளைத் தடை செய்யக்கூடாது என்பதை விதியிலேயே எழுதிவிடவேண்டும். மோட்டாரும் சைக்கிளும் மோதினால், மாறாக ருசுப்பிக்கப்படும் வரையில் பொறுப்பு மோட்டாருடையது என்ற கொள்கையையும் பார்லிமெண்டு பரிசீலிக்கவேண்டும்.

சைக்கிள்காரர் மோட்டார் ஓட்டியின் விதிகளை அனுசரிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, ஆகவே, நமது விடை இதுவே: சாலையின் ஒழுங்கு இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும், சட்டத்தின் பளு அவரவர் செய்யக்கூடிய தீங்கின் அளவாக இருக்கட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விதிகளின் நகல் கெஜட்டில் வெளியாகும். ஆட்சேபங்களைத் தெரிவிக்கச் சில வாரங்கள் தவணை கொடுப்பது வழக்கம். கார் கம்பெனிகளும் பணக்காரச் சங்கங்களும் அத்தவணையைத் தவறவிடமாட்டார்கள். பால்காரருக்குக் கெஜட் படிக்க நேரம் இராது. படிக்கத் தெரிந்தவர்களும் பொது வேலையில் ஈடுபட்டவர்களும் அவருக்காகப் படிக்கவேண்டும். கிராம சபைகளிலும் நகரசபைகளிலும் தொழிற்சங்கங்களிலும் தீர்மானங்கள் நிறைவேற்றி அனுப்பவேண்டும். விதி அமுலுக்கு வந்தபின் கண்டனக் கூட்டம் கூட்டுவதைவிட, எழுதுகிற பேனாவை இப்போதே நேர்வழியில் திருப்புவது மேல். கூட்டத்துக்குப் போகும் ஊழியர்கள் சைக்கிளில் போவார்களானால், விளக்கை ஏற்றிக்கொண்டு, இடது பக்கமாகவே போகட்டும்.